வெயிலூரில் ஒரு கேன் கூலன்ட்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் எந்த ‘ர’ வரும் என்று இன்றைக்கும் குழம்புவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேச வராது என்பதால்தான் எழுதுகிறேன். கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருக்கும் என் சனங்களுக்கும், என்னைப் போல மலையிலிருந்து இறங்கித் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தங்கிவிட்டவர்களுக்கும் இது.

மலையில் காலையில் எழுந்ததும் புல்லைப் பார்ப்போம். வெள்ளை பூத்திருந்தால் உறைபனி, தேயிலை கருகும். இங்கே எங்கள் சந்தில் எழுந்ததும் எல்லோரும் சாக்கடையைப் பார்க்கிறார்கள். தண்ணீர் கறுப்பாகப் போனால் நிம்மதி. சிவப்பு, நீலம் என்று ஏதாவது ஓடினால் எவனோ சாயத்தண்ணீரைத் திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டான் என்று அர்த்தம். வந்த புதிதில் இந்த வழக்கம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது பல் விளக்கும்போது என் கண்ணும் தானாக அங்கேதான் போகிறது.

கம்பெனியில் நான் வேன் ஓட்டுகிறேன். அதோடு முதலாளியின் அப்பா வாங்கிய கறுப்புக் காரைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. அந்தக் கார் என்னைவிட மூத்தது. போன தை மாதம் முதலாளி மகள் நிவேதாவுக்கு ஊட்டியில் கல்யாணம். தாத்தாவின் காரில்தான் மண்டபத்துக்குப் போவேன் என்று அந்தப் பெண் ஒரே பிடியாக நின்றாள்.

“ஏம்ப்பா, இது ஊட்டி ஏறுமா?” என்றார் முதலாளி.

“ஏறிருமுங்க. அங்க ராத்திரி நிக்கிறதுதானுங்க பயம்.”

ஏன் பயம் என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கும். சின்ன வயதில் எங்கள் எஸ்டேட்டுக்குக் கீழ்நாட்டிலிருந்து ஒரு லாரி வந்தது. பனிக்காலத்தில் எங்கள் டிரைவர்கள் பொழுது சாய்ந்ததும் ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அந்த டிரைவருக்கு அது தெரியாது. காலையில் தண்ணீர் உள்ளேயே உறைந்து, எஞ்சினின் இரும்பு நீளவாக்கில் பிளந்திருந்தது. அவர் அந்தப் பிளவை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். இந்தக் கறுப்புக் காரிலோ எஞ்சின் பக்கம் தண்ணீரைத் திறந்துவிடும் குழாய் துருப்பிடித்து இறுகிவிட்டது; தண்ணீர் முழுதாக வடியாது. ஆகவே தண்ணீரை உறையவிடாத கூலன்ட் கலந்து ஊற்றியே ஆகவேண்டும். எஞ்சின் பிளந்தால் இந்தக் காருக்கு வேறு எஞ்சின் கிடையாது.

“திருப்பூர்ல உக்காந்துட்டு உறைபனிக்கு மருந்து கேக்கற மொத ஆளு நீதாம்ப்பா” என்று முதலாளி சிரித்தார்.

கடைக்காரரும் அதையேதான் கேட்டார். “கூலன்ட்டுன்னா ஹீட்டுக்குத்தானுங்க. பனி எங்கீங்க இருக்குது இங்க?” என்றபடி ரோஸ் நிறக் கூலன்ட் கேன் ஒன்றை எடுத்து வைத்தார். புதுசு, அஞ்சு வருசத்துக்குத் தொடவே வேண்டாம் என்றார். வாங்கிக்கொண்டு அனுப்பர்பாளையத்தில் ரேடியேட்டர் வேலை செய்யும் ரஹீம் பாயிடம் போனேன். பாய் கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது புதுக் காருக்குங்க. உங்குளுது பித்தள ரேடியேட்டர், பூராவும் ஈயப்பத்து வெச்சு ஒட்டுனது. இதுல சிலது ஈயத்தத் தின்னுருமுங்க. கல்யாண ஊட்டுக் காருக்கு எதுக்கு வம்பு? பழைய பச்சையே வாங்குங்க. ரெண்டு வருசத்துக்கொருக்கா மாத்தோணும், அவ்வளவுதான்.”

கேனைக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பச்சையை மாற்றிக்கொண்டு வந்தேன். பழைய தண்ணீரைத் திறந்தபோது டீ டிக்காசன் நிறத்தில் வந்தது. எல்லாம் போர்த் தண்ணீர். உள்ளே உப்பு கட்டிக் கிடந்தது. கழுவும் மருந்தை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை பாயும் நானும் அலசினோம். பிறகு கூலன்ட் பாதி, பேட்டரித் தண்ணீர் பாதி கலந்து ஊற்றினேன். போர்த் தண்ணீர் ஊற்றினால் மறுபடி உப்புக் கட்டும்.

ஊட்டிக்குக் கிளம்ப வேண்டியதற்கு முந்தின நாள் காலை, கம்பெனியை ஒட்டியே இருக்கும் முதலாளி வீட்டுக் கேட்டை யாரோ தட்டினார்கள். பக்கத்துத் தோட்டத்துச் சரசக்கா; மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். பின்னால் சந்தே நின்றது. சாக்கடையில் பளபளவென்று பச்சை நிறத்தில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, கல்யாண ஊட்டுல சாயம் ஓட்டறீங்களா? எங்கட கெணறு கெட்டதெல்லாம் பத்தாதா?”

முதலாளி லுங்கியோடு ஓடி வந்தார். “அக்கா, சாமி சத்தியமா எங்கிட்ட சாயப்பட்டறையே இல்லீங்க்கா!”

“இல்லாமத்தான் மொளகாப் பச்சையா ஓடுதாக்கும்?”

நான் காரிடம் ஓடினேன். ரேடியேட்டரின் அடியில் சொட்டுச் சொட்டாகப் பச்சை வடிந்து, தரைச் சரிவில் கேட்டுக்கு வெளியே போயிருந்தது. இத்தனை வருடம் அந்த ஓட்டையை உப்புதான் அடைத்து வைத்திருக்கிறது. நாங்கள் கழுவிச் சுத்தமாகத் திறந்துவிட்டோம்.

சரசக்கா லேசுப்பட்டவர் இல்லை. கம்பெனி வேஸ்ட் துணி மூட்டையிலிருந்து ஒரு வெள்ளைப் பனியன் துணியை உருவி, சாக்கடையில் முக்கி, குழாயடியில் பிடித்தார். துணி மறுபடி வெளுத்துவிட்டது. “கறை நிக்கலயே. சாயமில்லடா சாமி” என்றார். கூட்டம் சிரித்தது. முதலாளிக்கு உயிர் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் சரசக்காவின் மாடுகள் அந்தச் சாக்கடையைத் தாண்டித்தான் மேய்ச்சலுக்குப் போகும். கூலன்ட் லேசாக இனிக்கும். மாடு விரும்பிக் குடிக்கும், குடித்தால் பிழைக்காது.

“அக்கா, மாட்ட அவுக்காதீங்க! இது சாயத்தவிட மோசமுங்க. வெசமுங்க!”

திருப்பூர் வந்த பிறகு நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான். முதலாளி என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது. சரசக்கா ஒன்றும் திட்டவில்லை. “வாய் பேசுவியா நீயி? ஊமைன்னில்ல நெனச்சேன்!” என்றவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். பத்திரமாக மண் அணை போட்டு, மூட்டை மூட்டையாகப் பனியன் வேஸ்டைச் சாக்கடையில் அடைத்தோம். வேறு ஊரில் இதற்கு என்ன செய்வார்களோ தெரியாது. இங்கே துணிக்குப் பஞ்சமில்லை. ஊறிய துணியையெல்லாம் பீப்பாயில் போட்டு மூடினோம். சாயங்காலத்துக்குள் ரஹீம் பாய் ரேடியேட்டரைக் கழற்றி, ஓட்டையைப் பற்றவைத்து, “இனி அழுவாதுங்க” என்று மாட்டிக் கொடுத்தார். மறுபடி பச்சை ஊற்றிக்கொண்டு மறுநாள் மலை ஏறினோம்.

கல்யாணத்தன்று விடியற்காலை ஊட்டியில் புல்தரை முழுக்க வெள்ளை. காரின் கூரை மேலும் வெள்ளை. நான் ரெண்டு பனியன், அதன் மேல் ஸ்வெட்டர் போட்டும் பல் கிட்டியது. டீக்கடைத் தம்பி சிரித்தான். “அண்ணா, கீழ இருந்தா? குளிர் தாங்கலையா?”

“நமக்குக் கோத்தகிரிதானுங்க.”

“கோத்தகிரியா? சும்மா சொல்லாதீங்கண்ணா!”

ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டேன். ஈரம். உறையவில்லை. காரின் முன்பக்கம் கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் எஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. காரை அவர்கள் தங்கியிருந்த விடுதி வாசலுக்கு ஓட்டிப்போய் நிறுத்தினேன். நிவேதா பட்டுப்புடவையோடு ஏறி உட்கார்ந்தாள்.

சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லை எடுக்கத் திரும்பிப் போனேன். வெள்ளைப் புல்தரையில் ராத்திரி கார் நின்ற இடம் மட்டும் பனி விழாமல் பச்சையாக, காரின் அளவுக்கு நீளமும் அகலமுமாக இருந்தது. என்ன தோன்றியதோ, அதற்குள் போய் நின்றேன். சுற்றிலும் நான் பிறந்த ஊரின் பனி. அதில் நான் கால் வைக்க எனக்கென்று இருந்தது, திருப்பூர்க் கார் பனி விழாமல் காத்து வைத்த அவ்வளவு இடம்தான்.

“அண்ணா, போலாங்களா?” என்று அந்தப் பெண் ஹாரன் அடித்தாள்.

தள்ளித் தள்ளிப்போட்டு இதை எழுதி முடித்தது, மாசி மாதம் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.