மீன் போட வந்தவர்

என் வயலில் இறால் குட்டை வெட்டப் போகிறார்கள் என்று ஒரு சாயங்காலம் முழு மனதாக நம்பினேன். திருக்கடையூர்ப் பக்கம் குட்டை வெட்டிய வயல்களுக்குப் பக்கத்து வயலும் உப்பாகிப் போனதைப் பார்த்தவன் நான்.

நில அளவைக்காரர்போல மூன்று கால் ஸ்டாண்டை என் வரப்பில் நிறுத்திக்கொண்டு, தொப்பை போட்ட ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்: "ஃபிஷ் ஐ போட்டா மொத்த வயலும் உள்ள வந்துடும்ங்க."

எனக்கு ஃபிஷ் மட்டும்தான் கேட்டது; மீன் என்றால் அடுத்தது இறால் குட்டைதான் என்று முடிவு கட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்தேன். வீரம் என்றுதான் வெளியில் சொல்கிறேன். பயம் என்று எனக்குத் தெரியும்.

"யார் வயல்ல யார் மீன் போடுறது?"

"மீன் இல்லீங்க, மீன் கண்ணு. லென்ஸோட பேரு." கேமராவில் முட்டைபோல் புடைத்திருந்த கண்ணாடியைக் காட்டினார். "இருட்டுனதும் வானத்தை எடுக்கணும். கொஞ்சம் பின்னால வாங்க, படத்துல விழுறீங்க."

"நான் பக்கத்துலதானே நிக்கிறேன்?"

"பக்கத்துல இருக்குறதும் இதுக்குத் தெரியும். என் தொப்பையே விழும்."

உண்மைதான். ஒவ்வொரு முறையும் பொத்தானை அமுக்குமுன் மூச்சை இழுத்து, தொப்பையை உள்ளே வாங்கிக்கொண்டார். எடுத்த படத்தைக் காட்டினார். என் வரப்பு வில்லாக வளைந்து பக்கத்து வயலுக்குள் போயிருந்தது.

"என் வரப்பை ஏங்க வளைச்சீங்க? பங்காளி பாத்தா கேஸ் போடுவான்."

"கண்ணாடிதாங்க வளைக்குது. உங்க வரப்பு நேராத்தான் இருக்கு."

இருந்தாலும் குனிந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

வானத்தை எடுக்க வந்தவருக்குக் கீழே என் வயல் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. நட்சத்திரங்கள் தெரிந்ததும் படம் எடுத்தார், ஸ்டாண்டை மடக்கினார், போய்விட்டார். அந்த வயலில் இந்த வருஷமும் சம்பாதான் நட்டிருக்கிறேன்.