விறகு வண்டியில் பேச்சியம்மாள்

துறைமுகச் சாலையில் எனக்கு முன்னால் ஒரு பிக்கப் உடைமர விறகு ஏற்றிப் போகிறது. பச்சை விறகின் துவர்ப்பு வாசம் காருக்குள் வருகிறது.

அப்பாவும் பெரியதாழைப் பக்கமிருந்து தூத்துக்குடி பேக்கரிகளுக்கு இப்படித்தான் விறகு ஏற்றினார். லீவு நாளில் நானும் கூடப் போவேன். அப்படி ஒருநாள், விறகு வெட்டிக்கொண்டிருந்த முத்துவைப் பாம்பு கடித்தது. ஏற்றிய விறகையெல்லாம் அப்பா ரோட்டில் தள்ளிவிட்டு, அவரைப் பின்னால் படுக்கவைத்தார். முத்துவின் மனைவி பேச்சியம்மாள் அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள்.

"கண்ண மூடிராதிய, என்னமாச்சும் பேசுங்க."

ம் கொட்டிக்கொண்டே வந்தவர் ஆலந்தலை தாண்டும்போது அதையும் நிறுத்திவிட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்ததும் அதே வண்டியில்தான். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் பேச்சியம்மாள் பின்கண்ணாடியைத் தட்டினாள்.

"மெதுவா ஓட்டுங்க அண்ணாச்சி. இனி என்ன அவசரம்?"

பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். எனக்கு முந்திப்போக மனம் வரவில்லை.