நசார் காக்காவின் சின்ன விரல்

நண்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு மரணச் செய்தி, ஜனாஸா அறிவித்தல், வந்தது. இறந்தவருடைய வாப்பாவின் பெயர், வாப்பாவின் வாப்பாவின் பெயர் எல்லாம் சேர்த்து நீளமான ஒரு பெயர். மருதமுனையில் ஒருவருக்கும் ஆள் பிடிபடவில்லை. தெருவில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பாங்கு சொல்லும் முஅத்தின் தொண்டையைச் செருமினார், கொஞ்சம் தயங்கினார், பிறகு "ஓகன் நசார்" என்றார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு வாத்தியத்தின் பெயர் ஒலித்தது உலக சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. நான் சைக்கிளைப் பிடித்தபடி வெயிலிலேயே நின்றேன்.

எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். நசார் காக்காவை அறிந்தவர்களுக்கு அவருடைய பெட்டியையும் தெரியும். இரண்டு வரிசைக் கட்டைகள் கொண்ட, பலா மரத்தைவிடப் பாரமான பழைய மின்சார ஓகன். அதைத் தூக்க நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரையும் தூக்கிவிட ஐந்தாவது ஆள் வேண்டும். லொறியில் ஏற்றினால் கல்முனை ஒரு அங்குலம் உயரும். பொத்துவிலில் இறக்கினால் பொத்துவில் கடலுக்குள் அமிழும்.

பெட்டிக்குள்ளே இரும்புச் சக்கரங்கள் கரண்டின் வேகத்துக்குச் சுழலும். கரண்ட் தளர்ந்தால் சுருதி இறங்கிவிடும். திருவிழா மேடைகளுக்கோ டீசலில் ஓடும் லைட் எஞ்சின்தான் கரண்ட் தரும். ஆகவே ஒருவன் எஞ்சினின் வேகப் பிடியில் கை வைத்து, மேடையைப் பார்த்தபடியே நிற்க வேண்டும். இருபது வருடம் அந்த ஒருவன் நான். காக்கா இடக்கையின் சின்ன விரலை உயர்த்தினால் வேகத்தைக் கூட்டுவேன், தாழ்த்தினால் குறைப்பேன். நோட்டீஸில் என் பெயரும் வரவேண்டுமென்று ஒருமுறை சண்டை பிடித்தேன்.

"என்னெண்டு போடுற? டீசல் வித்துவான் சலீமெண்டா?" என்றார். பிறகு, "கோவிக்காத மச்சான். பாதிதான் நான் வாசிக்கிற. மத்தப் பாதி நீதான்" என்றார்.

அந்தப் பாதியை நான் திருக்கோவில் ஊர்த் திருவிழாவில் கெடுத்தேன்.

காரைதீவிலிருந்து பாட வந்த சாந்தினிக்கு அது முதல் மேடை. எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்ற ஐஸ்கிரீம்காரர் தன் ஐஸ்பெட்டிக்குக் கொஞ்சம் கரண்ட் கேட்டார். இரண்டு கப் ஐஸ்கிரீமுக்கு நான் வயரைக் கொடுத்துவிட்டேன். பாட்டின் நடுவில் ஐஸ்பெட்டியின் மோட்டர் ஓடத் தொடங்கிக் கரண்டை இழுத்தது. எஞ்சின் முனகியது, ஓகன் அரைச் சுருதி இறங்கியது. மேடையில் சின்ன விரல் உயர்ந்தபோது என் ஒரு கையில் கப், மறு கையில் கரண்டி. நான் பார்க்கவில்லை. பிள்ளை பாட்டைத் தொலைத்துவிட்டு அழுதபடி நின்றது. சனம் கூவியது.

காக்கா எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"பிழை தங்கச்சிட இல்ல. என்ட பெட்டி கிழடாப் போச்சு. நான் சும்மா இரிக்கன், நீங்க தபேலாவோட பாடுங்க தங்கச்சி."

சாந்தினி பாடினார், சனம் கை தட்டியது. ஆனால் 'கிழட்டுப் பெட்டி' என்ற சொல் அக்கரைப்பற்று வரை எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு எந்தத் திருவிழாவும் எந்தக் கல்யாண வீடும் அவரைக் கூப்பிடவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகக்கூடிய கீபோர்ட்காரர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். ஊரில் வாய் ஓயாமல் கதைக்கிறவன் நான். இந்த ஒன்றை மட்டும் கதைக்கவில்லை.

போன மாதம், அவர் படுக்கையில் இருந்தபோது, ஒரு வழியாக வாயைத் திறந்தேன். "காக்கா, அண்டைக்குத் திருக்கோவில்ல..."

"ஐஸ்கிரீம் என்ன ருசிடா?" என்றார்.

"தெரியுமா? பொறகு ஏன் சொல்லல்ல?"

"சனம் கோவத்துல நிண்ட. என்ட பெட்டியத் தூக்கி அடிக்க நாலு பேர் வேணும். உன்னத் தூக்க ஒரு ஆள் போதும்."

இருவரும் சிரித்தோம். அவருக்கு இருமல் வந்தது. இருமல் அடங்கியதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "கிழடெண்டு சொன்னதுதான் மனசுல கிடக்கு. அது கிழடில்ல மச்சான்."

ஜனாஸா வீட்டில் அன்று கரண்ட் இல்லை. பெண்கள் இருந்த அறைக்கு மின்விசிறி வேண்டுமென்று என் எஞ்சினைக் கொண்டுபோய் வைத்தேன். இடையில் அது தளர்ந்தது. கை தானாகப் பிடிக்குப் போனது, கண் தானாக வீட்டின் முன் ஹோலுக்குப் போனது. அங்கே போர்வை மூடிய ஓகன் மட்டும் நின்றது. வேகத்தை நானே கூட்டினேன்.

திருக்கோவில் மக்களே, சாந்தினி தங்கச்சி, இந்தக் கரையோரத்தில் அவரைக் கேட்ட எல்லோருமே, நான் சொல்வதில் முக்கால்வாசியை நீங்கள் நம்புவதில்லை. இதை நம்புங்கள். பெட்டி கிழடாகவில்லை. சுருதியை இறக்கியவன் சலீம், இரண்டு கப் ஐஸ்கிரீமுக்காக.

காக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தச் சின்ன விரல். எஞ்சின் தளரும்போதெல்லாம் அது உயர்கிறது. இப்போது நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.