இருட்டைப் பார்த்துத் திரை வாங்குகிறவன்

இரண்டு உள்ளங்கைகளையும் கண்களுக்குப் பக்கவாட்டில் அணைத்துக்கொண்டு, கிணற்றை எட்டிப் பார்ப்பவன் போல மானிட்டருக்குள் எட்டிப் பார்க்கிறான் என் தம்பி. கடைக்காரர் எல்லோருக்கும் கிளிகளையும் அருவிகளையும் ஓட்டிக் காட்டுவார். இவனோ சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டுவான். அதை ஓட்டினால் திரை முழுக்க இருட்டு.

"என்ன சார், படம் வரலையே?"

"வந்துடுச்சுண்ணே. ராத்திரி அது."

தம்பி லிஃப்ட் மெக்கானிக். உயர்ந்த கட்டடங்களின் வயிற்றுக்குள், லிஃப்ட் ஏறி இறங்கும் குழியில் பகலெல்லாம் நிற்கிறவன். இருட்டு விஷயத்தில் அவனை ஏமாற்ற முடியாது. "கறுப்புன்னா ஒண்ணு இல்லக்கா. கிரீஸ் கறுப்பு வேற, கம்பி கறுப்பு வேற, ஒண்ணுமே இல்லாத கறுப்பு வேற" என்பான். எட்டாம் வகுப்போடு தையலுக்கு வந்தவள் நான். கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் தேடி அலைந்தவர்களுக்கு அவன் சொல்வது புரியும்.

அவன் கம்ப்யூட்டருக்குள் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்று இருக்கிறது. விளையாட்டுக் காட்சிகளை வரைந்து தருவது அதுதான். லீவு நாளெல்லாம் வேலைக்குப் போய் வாங்கினான். அதற்கு 'யானை' என்று பெயர் வைத்திருக்கிறான். கனம் தாங்காமல் சரிந்துவிடக் கூடாதென்று, என் காலி நூல்கண்டு ஒன்றை அளவாக அறுத்து அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறான். பெயின்ட் பிரஷால் தூசி தட்டுவான். ஆனால் யானை வரைவதையெல்லாம் காட்ட வேண்டிய மானிட்டர் மிகவும் பழையது. "யானைய எலி வளைக்குள்ள விட்டிருக்கேன்க்கா" என்று பெருமூச்சு விடுவான்.

விளையாட்டு என்றால் சுடுவதும் வெட்டுவதும்தான் என்று நினைத்திருந்தேன். இவன் கப்பலை நடுக்கடலுக்கு ஓட்டிப்போய் நங்கூரம் போட்டுவிடுவான். அலை ஏறும், இறங்கும். நட்சத்திரம் நகரும். அந்த ராத்திரியைத்தான் பென் டிரைவில் பதிந்து கடை கடையாகக் கொண்டுபோவான். சாயங்காலங்களில் நான் ஜன்னலோரம், அவனுக்கு இடப்பக்கத்தில், குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து ரவிக்கைகளுக்கு ஊக்கு தைத்தபடி கடலைப் பார்ப்பேன். ஊசி தானாகப் போய்வரும்.

"சண்டை எப்படா வரும்?"

"வராதுக்கா. நான் அந்தப் பக்கமே போகல."

"கொள்ளைக்காரன் தேடி வந்துட்டான்னா?"

"உன் கத்திரிக்கோல காட்டு, ஓடிருவான்."

இந்த வருஷம் எப்படியும் மானிட்டர் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தான். ஒன்று வாங்கினால் இனி பத்து வருஷத்துக்கு அதுதான். அதனால் போவதும், எட்டிப் பார்ப்பதும், வெறுங்கையோடு திரும்புவதுமாக இருந்தான். போன சனிக்கிழமை என்னையும் அழைத்துப்போனான். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று வில்லைப் போல உள்வளைந்தது. அதில் அவன் ராத்திரியை ஓட்டியதும் எனக்கே மூச்சு நின்றது. கடை மறைந்து கடல் மட்டும் இருந்தது. ஒன்றுமே இல்லாத கறுப்பு. மற்றது தட்டையானது. நல்ல தெளிவுதான், ஆனால் அதன் ராத்திரி லேசாகச் சாயம் போயிருந்தது.

"வளைஞ்சது கடைசிப் பீஸ் சார். ஆனைய வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கலாமா?" என்றார் கடைக்காரர்.

"வாங்கிடுடா" என்றேன் நானும். இத்தனை நாள் அவன் தேடிய இருட்டல்லவா அது.

"அண்ணே, குட்டையா ஒரு ஸ்டூல் இருக்குமா?"

மேல்தட்டுச் சாமான் எடுக்க வைத்திருந்த ஸ்டூல் வந்தது. அதை வளைந்த திரைக்கு நன்றாக இடப்பக்கம் தள்ளிப் போட்டு, முழங்கால் இரண்டும் மார்பில் இடிக்க உட்கார்ந்துகொண்டான். என்ன பார்க்கிறான் என்று நானும் அவன் தோளருகே குனிந்தேன். அங்கிருந்து பார்த்தால் கடல் வெளுத்துக் கிடந்தது, பலமுறை துவைத்த கறுப்புத் துணி போல.

"விளையாடுறவர் நேராத்தானே சார் உட்காருவார்?"

"நேராத்தான். ஆனா கப்பல்ல ரெண்டு பேர் இருக்கோம்ணே."

அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "டேய், பைத்தியமா உனக்கு? நான் தைக்கிறதப் பார்ப்பேனா, கடலப் பார்ப்பேனா? எனக்கு அலைச் சத்தம் போதும். நீ அதையே எடு."

"நீ சும்மா இரு, அக்கா."

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு தட்டைத் திரைப் பக்கம் போனான். பென் டிரைவை அதில் மாட்டினான். இடப்பக்கம் ஸ்டூலைப் போட்டு, என் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்தான். நேரே நின்று பார்த்த அதே கடல், அதே நட்சத்திரம், கொஞ்சமும் வெளுக்காமல் பக்கவாட்டிலும் வந்தது. கப்பல் மெல்ல ஆடியது. நானும் கூடவே ஆடினேன் போலிருக்கிறது.

அவன் திரைப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கெதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் மூக்குக்கண்ணாடியில் அசைந்த சின்னஞ்சிறு கடலைப் பார்த்தபடியே, இதைக் கட்டிவிடும்படி கடைக்காரருக்குக் கையைக் காட்டினான்.