கழுத்து மச்சம்

"கழுத்துல மச்சம்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. காணோமேங்க ஐயா?"

தருமபுரி பென்ஷன் ஆபீசில் இந்த வருஷமும் கிளார்க்கிடமிருந்து இதே கேள்வி. நின்று நின்று கால் கடுத்துப்போயிருந்தது. மேசையிலிருந்து மை வாசனை அடித்தது.

காரிமங்கலம் பள்ளிக்கூடத்தில் என்னையும் அண்ணனையும் சேர்த்த அன்றும் இதே வாசனைதான். "பெரியவனுக்குக் கழுத்துல மச்சம், சின்னவனுக்கு முட்டியில தழும்புங்க" என்றார் அப்பா. வாத்தியார் சந்தைக்குப் போகும் அவசரத்தில் அவன் அடையாளத்தை எனக்கும் என்னுடையதை அவனுக்குமாக இங்கிலீஷில் மாற்றி எழுதிவிட்டார். அப்பா அதன் கீழே கைநாட்டு வைத்தார். அடுத்த மாசமே அண்ணன் வாந்திபேதியில் போய்விட்டான். அவனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது.

மனுக் கொடுத்தால் திருத்துவார்கள். அவன் மச்சத்தை அடித்துவிட்டுத்தான் திருத்துவார்கள்.

"வயசாச்சில்லீங்க, மறைஞ்சிருச்சு" என்றேன், இந்த வருஷமும்.