விலை உயர்ந்த பாட்டிலில் ஊற்றியது

தொடர் முடிகிறபோது மேக்கப் போட்டவர் பெயர் திரையில் ஓடும். கலைத்தவர் பெயர் ஓடாது. அந்த ஸ்டூடியோவில் பல வருஷமாக ஆட்களின் முகத்தைத் துடைத்துக் கொடுக்கிற மனுஷனைப் பஞ்சுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே ஒரு கணம் யோசித்துத்தான் திரும்புவார்.

அவரிடம் இரண்டு விதமான மைசெல்லர் வாட்டர் இருந்தது. பார்க்க வெறும் தண்ணீர்தான். பஞ்சில் நனைத்து முகத்தில் வைத்தால் பவுடரும் மையும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மலிவானது பெரிய பாட்டிலில், துணை நடிகர்களுக்கு. உசத்தியானது கண்ணாடி பாட்டிலில், ரோஜா வாசத்தோடு, கதாநாயகிக்கு மட்டும்.

அப்படி என்னதான் வித்தியாசம் என்று ஒருநாள் அவர் தன் இமைகளிலேயே தண்ணீரில் அழியாத மையைப் பூசிப் பார்த்தார். உசத்தி வைத்ததுமே மையைக் கழற்றிவிட்டது. மலிவு கொஞ்சம் முரண்டு பிடித்தது. தேய்க்காமல், பஞ்சைச் சற்று நேரம் சும்மா வைத்திருந்தால் அதுவும் வழிக்கு வந்தது. முடிவில் ஒரு பிசுபிசுப்பு. முகம் கழுவினால் அதுவும் போச்சு. மற்றபடி வாசத்துக்குத்தான் காசு என்று அவருக்குப் பட்டது.

இதை வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் மேனேஜரிடம் சொன்னதுதான் வினை. மறு மாதமே உசத்தி வருவது நின்றுபோனது.

"நீங்கதானே ரெண்டும் ஒண்ணுன்னீங்க? அதே கண்ணாடி பாட்டில்ல இதை ஊத்தி வைங்க. அந்தம்மாவுக்கு என்ன தெரியப்போகுது?"

ஊற்றினார். வாசம் வரப் பன்னீர் இரண்டு சொட்டு விட்டார். பஞ்சை உடனே எடுக்க வேண்டாம், லேசாக எரிந்தாலும் கொஞ்ச நேரம் கண்ணிலேயே இருக்கட்டும் என்று கதாநாயகிக்குச் சொல்லியும் கொடுத்தார். அந்தப் பெண் தலையாட்டினாள்.

"நீங்க சொன்னா சரிண்ணே. ஆனா இதை மட்டும் மாத்திடாதீங்க. அந்த மலிவுச் சனியன் என் மூஞ்சிக்கு ஆகவே ஆகாது."

அவள் இப்படிச் சொல்லும்போதெல்லாம் அவர் கண்ணாடி பாட்டிலின் மூடியை இன்னொரு தடவை இறுக்கி மூடுவார்.

அன்றைக்கு அழுகைக் காட்சி. கண்ணீரில் கரையாதபடி மையை அப்பியிருந்தார்கள். பஞ்சுக்காரருக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது. அலமாரியிலிருந்து பெரிய பாட்டிலை எடுத்துக் கண்ணாடி பாட்டிலை நிரப்பினார். வழக்கம்போலப் பஞ்சுகளை நனைத்து, மூடி போட்ட டப்பாவில் அடுக்கி, கதாநாயகியின் அறையில் வைத்துவிட்டு வந்தார். காட்சி முடிந்ததும் அவளே எடுத்துக் கண்ணில் வைத்துக்கொள்வாள்.

மேக்கப் அறைக்குத் திரும்பினால் ஒரே ரகளை. அவருடைய மைத்துனன்தான் அங்கே விக்கும் தாடியும் ஒட்டுகிறவன். தாத்தா வேஷக்காரரின் மீசையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, மீசையை எடுக்கச் சொன்னா உதட்டையே பிச்சுக்கிட்டுப் போயிடுவே போலிருக்கே!"

"சும்மா இருங்க பெரியவரே. பசை கரைக்கிற ஸ்பிரிட்டு உங்களை மாதிரியே வயசாகிப் போச்சு, வேலை செய்ய மாட்டேங்குது."

பஞ்சுக்காரரும் சிரித்தார். பிறகுதான் மைத்துனன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். பெரிய பாட்டில். அவருடையது.

"ஸ்பிரிட்டை ஏன்டா அதுல வச்சிருக்கே?"

"என் டப்பா ஒழுகுச்சு மாமா. உங்க காலி பாட்டில்ல ஊத்தி வச்சேன்."

"எங்க வச்சே?"

"உங்க அலமாரியிலதான். எனக்குன்னு இங்க தனி பங்களாவா கட்டிக் குடுத்திருக்காங்க?"

அவர் பாட்டிலைப் பிடுங்கி மணிக்கட்டில் ஊற்றினார். ஸ்பிரிட் என்றால் சுள்ளென்று குளிர்ந்து பறந்துவிடும். இது பறக்கவில்லை. பிசுபிசுவென்று தோலிலேயே நின்றது. மீசைப் பசையைக் கரைக்கிற ஸ்பிரிட் இதில் இல்லை. அப்படியானால் அவர் பஞ்சில் ஊற்றியது?

"காட்சி முடிஞ்சுதா?"

"அப்பவே முடிஞ்சுது மாமா. ஹீரோயினம்மா ரூமுக்குப் போயாச்சு. ஏன், என்னாச்சு?"

ஓடினார். நடைவழி முழுக்க விளக்குச் சாமான்களும் வயர்களும். எதிலோ கால் தடுக்கி முட்டி பெயர்ந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே சத்தமே இல்லை. அந்த அமைதிதான் அவரைக் கொன்றது.

தள்ளிக்கொண்டு போனார். கதாநாயகி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ஒரு கண்ணில் பஞ்சு. கைப்பிடியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

"எரியுதுண்ணே," என்றாள். "ரொம்ப எரியுது. நீங்கதான் எடுக்க வேண்டாம்னு..."

பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். தலையைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கண்ணைப் பிரித்துத் தண்ணீரை விட்டார். அவள் கத்திய கத்தலில் ஸ்டூடியோவே கூடிவிட்டது.

ஆஸ்பத்திரியில் பஞ்சுக்காரருக்கு மேனேஜரின் போன் வந்தது. "புது ஸ்டாக்ல ஏதோ கோளாறுன்னு சொல்லுங்க. வேற எதுவும் வாயைத் திறக்காதீங்க. வேலை வேணும்ல?"

டாக்டரம்மா கேட்டார்: "கண்ணுல என்ன பட்டுச்சு? சரியாச் சொல்லுங்க."

கதாநாயகி பக்கத்திலேயே, கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஞ்சுக்காரர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு சொன்னார். ஸ்பிரிட், மலிவு, கண்ணாடி பாட்டில், பன்னீர், எல்லாவற்றையும். அவ்வளவு வேண்டியதில்லைதான். டாக்டருக்கு ஸ்பிரிட் என்ற ஒரு சொல் போதும். ஆனால் வாய் நிற்கவில்லை.

பார்வைக்கு ஆபத்து இல்லை, மேல் தோல்தான் வெந்திருக்கிறது, ஆறிவிடும் என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

படிக்கட்டு இறங்குகிற இடத்தில் அவர் கையை நீட்டினார். ஒற்றைக் கண்ணால் அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"எத்தனை மாசமாண்ணே?"

அவர் நீட்டிய கையிலேயே விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. சுவரைத் தடவித் தடவி, ஒவ்வொரு படியாகத் தானே இறங்கிப் போனாள்.