நுகுயியின் அலமாரி சர்வர்

நுகுயி யசோகிச்சியை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மீன்கேக் ஆலையில் முப்பது வருடம் குளிர்பதன இயந்திரம் பார்த்தவர். ஓய்வுபெற்றதும், படுக்கை மடித்து வைக்கும் அலமாரிக்குள் ஒரு பழைய கணினியைச் செருகி அதை சர்வர் ஆக்கினார். எங்கள் கடலோரத் தெருச் சங்கத்தின் பனி அள்ளும் முறைப்பட்டியல், குப்பை போடும் நாள், ஊர்ப் பேச்சு எழுதும் பலகை எல்லாம் அதில்தான் ஓடின. ஐந்து வருடமாக ஒரு யென் வாங்கவில்லை. அதை யாரையும் மறக்கவும் விடவில்லை.

நான் மலைக்கிராமத்துக்காரன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் முடித்த முதல் ஆள், படித்தது கணினி. இந்தத் தெருவுக்குக் குடிவந்த வாரம், எங்கள் சந்து ஏன் பனிப்பட்டியலில் இல்லை என்று பலகையில் கேட்டேன். 'புதியவன், தயவு வையுங்கள்' என்ற முகமன் இல்லாமல் எழுதிவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் பதில்: 'வணக்கம் சொல்லத் தெரியாதவர்கள் ஆறு மாதம் வாசித்துவிட்டு எழுதவும். பட்டதாரியாமே.' தெருவே படித்தது. மீன்கடைக்காரர் மறுநாள் என்னிடம் மிகவும் பணிவாக வணக்கம் சொன்னார்.

இந்தப் புத்தாண்டு விடுமுறையில் நுகுயி சர்வருக்குப் புதிய மென்பொருள் போட்டார். அன்றிலிருந்து எதைத் திறந்தாலும் 'எரர் 500'. பனி கொட்டியது. யார் முறை என்று தெரியாமல் இரண்டு வீட்டுக்காரர்கள் மண்வாரியோடு முறைத்துக்கொண்டு நின்றார்கள். பத்தாம் நாள், சனிக்கிழமை, சங்கத் தலைவி இசுருகி-சான் என் வீட்டுக்கு வந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள ஓடலைன்னா வெளிக் கம்பெனிக்கு மாத்திடலாமான்னு ஓட்டெடுப்பு. நீ போய்ப் பாரு."

"என்னை உள்ளயே விடமாட்டாரு."

"விடுவாரு. பயந்து போயிருக்காரு."

பயம் நியாயம்தான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, அந்தப் பலகை இல்லாவிட்டால் அவரை யாரும் தேடப்போவதில்லை. ஆனால் நான் இரக்கப்பட்டுப் போகவில்லை. அவர் முழிப்பதைப் பார்க்கப் போனேன்.

தேநீர் தரவில்லை. உட்கார மெத்தையும் தரவில்லை.

"கீபோர்டத் தொடாத, பட்டதாரி."

"என்னென்ன செஞ்சு பாத்தீங்க, நுகுயி-சான்?"

"எல்லாம். ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் அனுமதியத் தொறந்து விட்டாச்சு. 777. எவன் வேணா படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம். இன்னும் எதத் தொறக்கறது, என் வீட்டு வாசலையா?"

"லாக் பாத்தீங்களா?"

லாக் என்பது, யார் எந்த இணைப்பிலிருந்து வந்தார், எது ஏன் ஓடவில்லை என்று சர்வர் தானே எழுதிவைக்கும் குறிப்பேடு. பலகையில் யார் சந்தேகம் கேட்டாலும் அவர் எழுதும் ஒரே பதில், 'முதலில் லாக்கைப் படி' என்பதுதான்.

"இங்கிலீஷ்ல இருக்கு," என்றார்.

"நீங்கதானே எல்லாரையும் படிக்கச் சொல்வீங்க."

"சொல்றவன் படிக்கணும்னு சட்டமா?"

திறந்தார். ஒரே வரி முந்நூறு தடவை இருந்தது: கண்டவரும் எழுதக்கூடிய கோப்புறையில் உள்ள ஸ்கிரிப்டை ஓட்ட முடியாது. புதிய மென்பொருளோடு ஒரு காவல் நிரலும் வந்திருந்தது. அவர் திறக்கத் திறக்க அது மறுத்திருக்கிறது.

"நீங்க தொறந்ததுதான் கோளாறு. 755 போடுங்க. எழுதறது நீங்க மட்டும். மத்தவங்க படிக்கலாம், ஓட்டலாம், அவ்வளவுதான்."

"பழசுல 777 நல்லாத்தான ஓடிச்சு."

"பழசு எல்லாரையும் நம்பிச்சு. இது உங்கள மாதிரி."

ஒற்றை விரலால் தட்டினார். பலகை திறந்தது. நன்றி வரவில்லை.

"கதவச் சாத்திட்டுப் போ. சூடு வெளிய போகுது."

ஞாயிறு காலை டை கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். "ஓடுது. ஓட்டெடுப்பு வேணாம்ல?"

மீன்கடைக்காரர் மனைவி சொன்னார்: "இந்தப் பத்து நாளு திட்டு வாங்காம இருந்தோம் பாருங்க நுகுயி-சான், நல்லாவே இருந்துச்சு."

இசுருகி-சான் ஓட்டுக்கு விட்டார். இருக்கட்டும் என்று மூன்று கை. மாற்றலாம் என்று இருபத்திரண்டு. அதில் ஒன்று என்னுடையது. நுகுயி என் கையையே பார்த்தார்.

"நேத்து வந்து சரி பண்ணுன ஆளுதானே நீ?"

"அதே ஆளுதான்."

அன்று சாயங்காலம் பலகையைத் திறந்தேன். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. பக்கத்து வீட்டில் கேட்டேன், அவர்களுக்குத் திறந்தது. என் இணைப்பின் எண்ணை மட்டும் தேடி எடுத்துத் தடுத்திருக்கிறார்.

அந்த எண் லாக்கில்தான் இருக்கும். படித்திருக்கிறார்.